கண்டியில் சம்பந்தியோடு ஒரு சீட்டாட்டம்

பிள்ளையைப் பெற்றவள் போய்ப் பெண் வீட்டு வாசலில் நிற்பதா என்று என் நாத்தனார் கேட்டாள். நின்றால் என்ன, கால் ஒடிந்தா போகும்? மருமகள் தர்ஷினிக்கு ஒன்பதாவது மாதம். தலைப்பிரசவத்தைத் தாய்வீட்டில்தான் பார்க்க வேண்டும். ஆனால் தாய்வீடு கண்டியில் இருக்கிறது, மருமகளோ திருச்சி உறையூரில் என் வீட்டில் இருக்கிறாள், டாக்டரம்மா இனி விமானத்தில் ஏறவே கூடாது என்று சொல்லிவிட்டார். பெண்ணைத் தாயிடம் அனுப்ப முடியாவிட்டால் தாயைப் பெண்ணிடம் கூட்டிவர வேண்டியதுதான். என் வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி. அதனால் ஒரு பையில் முறுக்கு, ஒரு பையில் வடகம் என்று நானே கிளம்பிவிட்டேன்.

கல்யாணம் கண்டியில்தான் நடந்தது. என் மகன் கார்த்திக் கொழும்பில் இரண்டு வருடம் வேலை பார்த்தபோது பிடித்துக்கொண்டுவந்த சம்பந்தம் அது. அந்த முறை கல்யாண மண்டபத்தையும் புத்தரின் பல் இருக்கும் தலதா மாளிகையையும் குளத்தையும் பார்த்ததோடு சரி. இந்த முறையாவது ஊரைப் பார்க்கலாம் என்று நினைத்தேன். ஊர் என்னைப் பார்த்துச் சிரித்ததுதான் மிச்சம்.

வெள்ளிக்கிழமை கொழும்பிலிருந்து ஏறிய பஸ்ஸில் நன்றாகத் தூங்கிவிட்டேன். கண்டக்டர் ஏதோ கத்தினார், பக்கத்திலிருந்தவர்கள் எல்லோரும் எழுந்தார்கள், நானும் இரண்டு பைகளோடு பதறியடித்து இறங்கினேன். பஸ் போய்விட்டது. எதிரே வரிசையாகப் பித்தளைக் கடைகள். குத்துவிளக்கு, குடம், யானை, சிங்கம். இது கண்டி இல்லையே என்று முழித்துக்கொண்டு நின்றபோது, செய்தித்தாளில் சுற்றிய விளக்கு ஒன்றைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு ஒரு வெள்ளைச் சட்டைக்காரர் வந்தார்.

"கண்டிக்கே போறியள்? இது பிலிமத்தலாவை அம்மா. இன்னும் கொஞ்சத் தூரம் கிடக்கு. நானும் அங்கதான் போறன், வாங்கோ."

அவர் பெயர் பரமேஸ்வரன். சொந்த ஊர் யாழ்ப்பாணம், கண்டியில் ஒரு வங்கியில் மேலாளர். மஹய்யாவையில் சம்பந்தி மாணிக்கம் வீட்டுக்குப் போகிறேன் என்றதும், "ஓம், ஓம், மாணிக்கத்தாரைத் தெரியாதே? எங்கட தமிழ்ச் சங்கத்து ஆள்" என்றார். அடுத்த பஸ்ஸில் நிற்கத்தான் இடம் இருந்தது. ஒரு சிங்களப் பெண்மணி எழுந்து எனக்கு இடம் கொடுத்துவிட்டு, என் பைகளைப் பார்த்து என்னவோ சொன்னார். பரமேஸ்வரன் மொழிபெயர்த்தார்: "இந்த வயசில இவ்வளவு பாரத்தைத் தூக்கிக்கொண்டு வாறா, யாரோ பிள்ளைத்தாச்சிக்குத்தான் இருக்கும் எண்டு சொல்லுறா." எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. திருச்சி டவுன் பஸ்ஸில் எனக்கு யாரும் எழுந்து இடம் கொடுத்ததில்லை, வயதை மட்டும் சொல்லிக் காட்டியிருக்கிறார்கள்.

சம்பந்தி மாணிக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாநகர சபையில் எழுத்தர். ஒல்லியான உடம்பு, எண்ணெய் வைத்து வாரிய தலை, என்னைவிட நாலு வயது சின்னவர். ஆனால் என்னைப் பார்த்தால் ஆய்வாளர் வந்தது மாதிரி எழுந்து நிற்பார். அன்றைக்கும் அப்படித்தான். நான் உட்காரட்டும் என்று அவர் நின்றார், அவர் உட்காரட்டும் என்று நான் நின்றேன். இரண்டு நிமிடம் இப்படியே போனது. உள்ளேயிருந்து அவர் மனைவி புஷ்பம் வந்து, "ரெண்டு பேரும் உக்காருங்க, கதிரை எங்கயும் ஓடிப்போகாது" என்றபிறகுதான் உட்கார்ந்தோம்.

இரவுச் சாப்பாடு இடியாப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல். நம் ஊரில் இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் ஊற்றிக் குழந்தை சாப்பாடாக்கி வைத்திருக்கிறோம். இங்கே ஒரு வாய் வைத்தால் காதுவரை உறைக்கிறது. பதினாறு சாப்பிட்டேன். எண்ணியது புஷ்பம்தான், நான் இல்லை.

சாப்பிட்டுவிட்டுப் பேச்சை எடுத்தேன். புஷ்பத்துக்கு அவர்களே டிக்கெட் போட்டுவிட்டார்கள், என்னோடுதான் வருகிறாள். "சம்பந்தி, நீங்களும் வாங்க. உங்க டிக்கெட்டை கார்த்திக் போட்டுடுவான்" என்றேன். அவர் முகம் சுருங்கிப்போனது.

"தலைப்பிரசவம் நாங்க பாக்க வேண்டியது சம்பந்தியம்மா. அதுவே முடியாமப் போச்சு. அதுக்கு மேல மாப்பிள்ளை வீட்டுக் காசுல நான் வந்து இறங்கணுமா? எங்களால ஒரு டிக்கெட்டுதான் முடிஞ்சிச்சு. அது தாய்க்கு. நான் என்னத்துக்கு? அது பொம்பளைங்க வேலை."

சொல்லிவிட்டு எழுந்து போய்க் கை கழுவினார். ஏற்கெனவே கழுவிய கை.

சனிக்கிழமை நானும் புஷ்பமும் புசல்லாவைக்குப் போனோம். அவளுடைய அண்ணன் அங்கே தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறார், இந்தியா போவதைச் சொல்லிவிட்டு வரவேண்டும். ரோடு முழுக்க வளைவு. ஒவ்வொரு வளைவிலும் முறுக்குப் பை ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் சாய்ந்தோம். பாதி வழியில் பஸ் டயர் பஞ்சர். எல்லோரும் இறங்கி ரோட்டோரம் நின்றோம். நம் ஊராக இருந்தால் டிரைவரை நாலு பேர் பிடித்துக்கொண்டிருப்பார்கள், இங்கே நாலு பேர் சேர்ந்து டயரைக் கழற்றினார்கள். மேலே தேயிலைச் சரிவில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் எங்களைப் பார்த்துக் கையாட்டினார்கள்.

பக்கத்துக் கடையில் ரொட்டியும் கட்டைச் சம்பலும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தபோது புஷ்பம் மனசைத் திறந்தாள்.

"அவரு சொல்றதை நம்பாதீங்க சம்பந்தியம்மா. மகளைப் பாத்து ரெண்டு வருஷமாச்சு. அந்திக்கு அவ போன் பண்ணுவா. 'சாப்பிட்டியா'ன்னு கேப்பாரு, உடனே போனை என்கிட்ட குடுத்துருவாரு. அப்புறம் நான் பேசி முடிக்கிற வரைக்கும் கதவுப் பக்கம் நின்னு கேட்டுக்கிட்டே இருப்பாரு. இப்ப பாருங்க, சங்கத்துல ஏதோ புது சீட்டு வெளாட்டாம். மொதப் பரிசு என்ன தெரியுமா? திருச்சிக்குப் போய்வர பிளேன் டிக்கெட். வெக்கத்தை விட்டுப் பேர் குடுத்துட்டு வந்திருக்காரு."

நான் கொடுத்தால் வாங்கமாட்டார். ஜெயித்தால் வருவார். மகள் பிள்ளை பெறும்போது அந்த மனிதர் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பதும் நிற்காததும் ஒரு சீட்டுக்கட்டின் கையில் இருந்தது.

"என்ன சீட்டாட்டம் அது?" என்று கேட்டேன்.

"போக்கரோ என்னவோ. அவருக்கு முன்னூற்றி நாலு ஆட்டந்தான் தெரியும். இது பழகி மூணு வாரந்தான் ஆகுது."

இங்கே என் ரகசியம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தொலைபேசி நிலையத்தில் முப்பது வருடம் குப்பை கொட்டி ஓய்வு பெற்ற நான், கொரோனாவில் வீட்டில் அடைந்து கிடந்தபோது பொழுதுபோகாமல் போனில் போக்கர் ஆடப் பழகியவள். காசு கிடையாது, வெறும் பொம்மைச் சில்லு. ஆனால் வெறி பிடித்த மாதிரி ஆடினேன். குக்கர் எத்தனை விசில் என்று என் வீட்டுக்காரர்தான் எண்ணினார்.

ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க மண்டபத்தில் ஆட்டம். வேடிக்கை பார்க்கலாம் என்று நானும் போனேன். இத்தனை வருடமும் முன்னூற்றி நாலு போட்டிதான் நடக்குமாம். இந்த வருடம் இளவட்டங்கள் அடம்பிடித்து போக்கரை வைத்திருந்தார்கள். டிக்கெட்டைப் பயண முகவராக இருக்கும் ஒரு உறுப்பினர் இலவசமாகக் கொடுத்திருந்தார். இரண்டாம் பரிசு ரைஸ் குக்கர், மூன்றாம் பரிசு தேயிலைப் பெட்டி. பன்னிரண்டு பேர் ஆட வேண்டும், பதினோரு பேர்தான் வந்திருந்தார்கள். பன்னிரண்டாவது ஆளுக்கு வயிற்றுப்போக்கு.

"அம்மா, நீங்கள் விளையாடுவியளோ?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார், பிலிமத்தலாவையில் என்னைக் கரைசேர்த்த அதே பரமேஸ்வரன்.

சும்மா கேட்டார். நான் சம்பந்தியைப் பார்த்தேன். "போடுங்க சம்பந்தியம்மா, பொழுது போகும்" என்றார் மரியாதையாக. என் மூளை அதற்குள் கணக்குப் போட்டுவிட்டது. நான் உள்ளே போனால் நாலு பேரை வெளியே அனுப்பலாம், கடைசியில் நைசாக ஒதுங்கிச் சம்பந்திக்கு வழிவிடலாம். என்ன ஒரு புத்திசாலித்தனம் என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

போக்கர் தெரியாதவர்களுக்கு இரண்டே வரி. ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. கையில் உள்ள சில்லு முழுவதையும் எந்த நேரத்திலும் நடுவில் தள்ளலாம், எதிராளி ஏற்க வேண்டும் அல்லது சீட்டைப் போட்டுவிட்டு ஒதுங்க வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்திலும் முறைவைத்து இரண்டு பேர் சீட்டைப் பார்க்கும் முன்னாலேயே கொஞ்சம் சில்லு வைத்தாக வேண்டும். பிளைண்ட் என்று பெயர். நேரம் ஆக ஆக அது ஏறும். சில்லு தீர்ந்தவர் எழுந்து போகலாம்.

ஆளுக்கு ஐயாயிரம் சில்லு. இளவட்டங்கள்தான் முதலில் போனார்கள், ஆட்டத்தைக் கேட்டு வாங்கியவர்களே அவர்கள்தான். மதியம் ஒன்றரைக்குள் மூன்று பேர் மிஞ்சினோம். பரமேஸ்வரன் கையில் இருபத்தெட்டாயிரம், என் கையில் இருபத்தொன்று, சம்பந்தி கையில் பதினொன்று. பிளைண்ட் ஆயிரம், இரண்டாயிரம் என்று ஏறியிருந்தது.

பன்னிரண்டு பேர் இருக்கும்போது பொறுமைதான் நல்லது. யாராவது ஒருவர் கையிலாவது நல்ல சீட்டு இருக்கும், நாம் ஒதுங்கி உட்காரலாம். மூன்றே பேர் என்றால் கதை வேறு. யார் கையிலும் பெரிதாக ஒன்றும் இருக்காது. முன்பு குப்பை என்று போட்ட சீட்டு இப்போது நல்ல சீட்டு. காத்திருந்தால் மூன்று ஆட்டத்துக்கு ஒருமுறை மூவாயிரம் தானாகக் கரைந்துபோகும். பரமேஸ்வரனுக்கு அது தெரிந்திருந்தது. ஒன்றுமே இல்லாமல் நாலாயிரத்தைத் தூக்கி நடுவில் வைப்பார், நாங்கள் ஒதுங்கினால் பிளைண்டை வாரிக்கொள்வார். "மன்னிக்கவேணும்" என்றும் சொல்வார். அந்த மன்னிப்பைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சம்பந்தியோ நல்ல சீட்டுக்குக் காத்திருந்தார், மாநகர சபைக் கோப்பு மேலிடத்திலிருந்து திரும்பி வரக் காத்திருப்பது மாதிரி. பதினொன்று ஒன்பதானது.

ஒருமுறை நான் ராஜாவும் ஐந்தும் வைத்துக்கொண்டு நாலாயிரம் போட்டேன். பரமேஸ்வரனை மிரட்டத்தான் போட்டேன். அவர் ஒதுங்கினார். சம்பந்தி தன் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிளைண்டுக்கு வைத்த இரண்டாயிரத்தை விட்டுவிட்டுச் சீட்டை மேசையில் வைத்தார். கை தவறி ஒரு சீட்டு திரும்பிக்கொண்டது. ஆஸ்!

"ஆஸை வச்சுக்கிட்டா ஒதுங்குறீங்க?" என்று கேட்டேவிட்டேன்.

"நீங்க கேக்கிறப்ப நான் எதிர்த்து வைக்கிறது சரியா இருக்காதுங்க" என்றார்.

தலையில் அடித்துக்கொள்ளாத குறை. சீட்டாட்டத்தில் எதற்கய்யா சம்பந்தி மரியாதை! ஏழாயிரம்தான் இருக்கிறது அந்த மனிதர் கையில், அதிலும் எனக்குத் தாம்பூலம் வைக்கிறார். சரி, இனி என் திட்டம்தான் என்று முடிவுகட்டினேன். அவர் முறை எனக்கு முன்னால் வந்த அடுத்த இரண்டு ஆட்டத்திலும் அவர் வைத்ததை எதிர்க்காமல், சீட்டை எடுத்துக்கூடப் பார்க்காமல் ஒதுங்கினேன். அவருக்குக் கொஞ்சம் ஏறியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சாப்பாட்டுக்கு விட்டார்கள். சோற்றுப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வெளி வராந்தாவுக்கு வந்தார். நான் அங்கே பலாக்காய்க் கறியை நோண்டிக்கொண்டிருந்தேன். அவர் இந்த முறை தள்ளி நிற்கவில்லை.

"சம்பந்தியம்மா, சீட்டைப் பாக்காமலே போட்டீங்க."

"கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டிருந்தேன்."

"எனக்குப் பிச்சை போடாதீங்க. புஷ்பம் சொல்லிட்டாளா? எல்லாம் தெரிஞ்சுதான் உக்காந்தீங்களா?"

எனக்கும் கோபம் வந்தது. மாட்டிக்கொண்டால் எனக்குக் கோபம் வந்துவிடும். "நீங்க மட்டும் என்ன செஞ்சீங்க? ஆஸை வச்சுக்கிட்டு எனக்கு விட்டுக்குடுத்தீங்களே, அது பிச்சை இல்லையா?"

"அது மரியாதை."

"அப்ப இது மட்டும் என்னவாம்?"

இரண்டு பேரும் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு முறைத்தோம். பிறகு எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கு வரவில்லை.

"இங்க பாருங்க சம்பந்தி," என்றேன். "நீங்க இப்படிக் காத்துக்கிட்டிருந்தா அந்த மேனேஜர் உங்களை உக்கார வச்சே காலி பண்ணிருவாரு. மூணு பேர்தானே இருக்கோம்? ஒரு படச்சீட்டு வந்தாலே போதும், மொத்தத்தையும் தள்ளுங்க. நம்மளை எதிர்க்கிறதா வேணாமான்னு அவங்க யோசிக்கட்டும். என்கிட்டயும் அப்படித்தான். மேசையில நான் சம்பந்தி இல்ல."

"அப்ப நீங்களும் என்னை அடிப்பீங்களா? உங்க கையில இருந்தா?"

"அடிப்பேன்."

"சத்தியமா?"

"வெக்காளியம்மன் மேல சத்தியமா."

சொல்லும்போது வாய்க்கு லேசாகத்தான் இருந்தது.

மறுபடி உட்கார்ந்தோம். ஒரு சுற்று பரமேஸ்வரன் வாரினார், ஒரு சுற்று நான். சம்பந்தி கையில் மறுபடியும் ஏழாயிரம். அடுத்த ஆட்டத்தில் பரமேஸ்வரன் முதலிலேயே ஒதுங்கினார். சம்பந்தி ஆயிரம் பிளைண்ட் வைத்திருந்தார், நான் இரண்டாயிரம். மீதி எங்கள் இருவருக்குள்தான். அவர் தன் இரண்டு சீட்டின் நுனியைத் தூக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. கல்யாணத்தன்று தர்ஷினி மணமேடைக்கு வந்தபோது அந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன். எழுந்து நின்று, தன்னிடம் இருந்த எல்லாச் சில்லையும் இரண்டு கையாலும் நடுவில் தள்ளினார்.

"எல்லாம்," என்றார்.

நான் என் சீட்டைப் பார்த்தேன். ஆஸும் ஆறும்.

இன்னும் ஐயாயிரம் போட்டால் ஒன்பதாயிரத்துக்கு ஆட்டம். கையில் ஆஸ். எதிரே, படச்சீட்டு ஒன்று வந்தாலே தள்ளுங்கள் என்று நானே பாடம் நடத்திய ஆள். போக்கர் தெரிந்த எவரும் இதில் யோசிக்கமாட்டார்கள். நான் யோசித்தேன். என் சீட்டை யாரும் பார்க்கவில்லை. பேசாமல் கவிழ்த்துப் போட்டால் இந்த முறை அவருக்கும் தெரியாது, கண்ணாடியைத் துடைக்கவும் வேண்டாம். இரண்டாயிரம் கூடும், பிழைத்துக்கொள்வார். சில்லைப் போட்டால் அவர் டிக்கெட் இந்த நிமிடமே போகலாம், என் கையாலேயே.

நிமிர்ந்து பார்த்தேன். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று மதியம்வரை என் முகத்தை நேராகப் பார்க்காத மனிதர். பயந்த பார்வை இல்லை, கெஞ்சல் இல்லை. எதிரில் ஒரு ஆட்டக்காரியைப் பார்க்கிற பார்வை. அதைப் பார்த்தபிறகு சீட்டைக் கவிழ்க்க எனக்குக் கை வரவில்லை. பாழாய்ப்போன சத்தியமும் ஞாபகம் வந்தது.

"போடுறேன்," என்றேன். என் குரலே எனக்குக் கேட்கவில்லை.

அவர் சீட்டைத் திருப்பினார். ஜாக்கும் ஒன்பதும். "முன்னூற்றி நாலுல இதுக்கு மேல சீட்டே இல்ல!" என்றார் பூரிப்போடு. சுற்றி நின்றவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். அவர்கள் ஆட்டத்தில் ஜாக்தான் எல்லாவற்றுக்கும் பெரிது, அதற்கு அடுத்தது ஒன்பது, ஆஸ் அதற்கும் கீழே. முப்பது வருடம் ஆடிய கை, இரண்டையும் ஒன்றாகப் பார்த்ததும் உலகமே கிடைத்துவிட்டதாக நினைத்துவிட்டது. நான் ஆஸைத் திருப்பி வைத்தேன். அப்போதுதான் அவருக்கு எந்த ஆட்டம் ஆடுகிறோம் என்று ஞாபகம் வந்தது. ஆனாலும் தப்பாகத் தள்ளவில்லை, கையில் ஏழாயிரம்தான் இருக்கும்போது அது தள்ள வேண்டிய சீட்டுதான். காரணம்தான் வேறு.

சீட்டைப் பகிர்ந்துகொண்டிருந்த சங்கச் செயலாளர் நடுவில் மூன்று சீட்டைப் போட்டார். நாலு, ஒன்பது, ராணி. ஒன்பது! மண்டபமே கத்தியது. சம்பந்திக்கு ஜோடி சேர்ந்துவிட்டது. நானும் கத்தினேன், சத்தியமாக, சந்தோஷத்தில். நாலாவது சீட்டு இரண்டு. அம்மா தாயே, இன்னும் ஒரே ஒரு சீட்டு, எது வேண்டுமானாலும் வரட்டும், என் சீட்டு மட்டும் வரவேண்டாம் என்று வேண்டினேன்.

ஆஸ் வந்தது.

அந்த ஆஸைக் கிழித்துப் போட்டிருப்பேன். சம்பந்தி மேசைக்கு மேல் கையை நீட்டினார். எங்கள் சம்பந்தத்தில் ஆணும் பெண்ணும் கைகுலுக்கும் வழக்கம் கிடையாது, குலுக்கினோம். பிறகு போய்ச் சுவரோரம் இருந்த கதிரையில் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு நான் ஆடியது ஆட்டமே இல்லை. எப்படியும் முடிந்தால் போதும் என்று இருந்தது. நாலாவது ஆட்டத்தில் ராஜாவும் ஏழும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் தள்ளினேன், பரமேஸ்வரனிடம் இரண்டு எட்டு இருந்தது. டிக்கெட்டை வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "அம்மாவை ஒருக்காவாவது ஸ்ரீரங்கம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டவேணும் எண்டு கனநாளா நினைச்சனான். ஒரு டிக்கெட்டை நான் வாங்கினால் ரெண்டு பேரும் போகலாம்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அவர்மேல் கோபப்படக்கூட எனக்கு வழியில்லாமல் போனது. உறையூருக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் கூப்பிடு தூரம்தான், கட்டாயம் வீட்டுக்கு வரவேண்டும் என்று விலாசம் எழுதிக் கொடுத்தேன்.

மஹய்யாவை மேட்டில் ஏறினோம். தூறல் போட்டது. நான் ரைஸ் குக்கரைத் தூக்கிக்கொண்டு முன்னால், அவர் தேயிலைப் பெட்டியோடு பின்னால். கொடுங்கள் நான் தூக்குகிறேன் என்று வழக்கமாகப் பாய்ந்து வருபவர், வரவில்லை. மனிதர் மனசு விட்டுப்போய்விட்டது, இனி மூன்று வார்த்தைகூடப் பேசமாட்டார் என்று நினைத்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம், காத்திருங்கள் என்றே விட்டிருக்கலாம், உன்னை யாரடி ஆடக் கூப்பிட்டது என்று என்னையே திட்டிக்கொண்டு ஏறினேன்.

வாசலில் புஷ்பம். "என்ன ஆச்சு?"

"மூணாவது," என்றார் சம்பந்தி. "இவங்கதான் அடிச்சாங்க."

புஷ்பம் என்னைப் பார்த்த பார்வையில் நான் உடைந்துபோனேன். ரைஸ் குக்கரைக் கீழே வைத்துவிட்டு அழுதேவிட்டேன். "எனக்கு ஒரு நிமிஷம் பொய் சொல்ல வராமப் போச்சே புஷ்பம். சீட்டைக் கவுத்துப் போட்டிருந்தா முடிஞ்சிருக்கும். நான் பாவி, போடலையே" என்றேன்.

அவர் உள்ளே போனார். அலமாரி திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து, நான் உட்காரும் முன்னாலேயே என் எதிரில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளை வீட்டுக் காசு வேணாம்னு சொன்னேன். அது சொன்னதுதான், மாறாது" என்றார். "ஆனா சம்பந்தியா இருந்தா அந்த ஐயாயிரத்தை எனக்கு எதிராப் போட்டிருக்க மாட்டீங்க. முகத்துக்குப் பயந்து விட்டிருப்பீங்க. கூடப் பொறந்ததுதான் இப்படி ஈவிரக்கம் இல்லாம அடிக்கும்."

கையில் இருந்ததை மேசையில் என் பக்கமாகத் தள்ளினார். பாஸ்போர்ட். பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன, ஒரு முத்திரைகூட இல்லை. "கல்யாணம் முடிஞ்ச அடுத்த மாசமே எடுத்துட்டாரு" என்றாள் புஷ்பம், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே. "அப்ப நம்ம பிள்ளை அத்தை மகனைத்தான் கட்டியிருக்கா. முறை சரியாத்தான் வருது."

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். இந்த முறை நிஜமாகவே ஒன்றும் தெரியவில்லை.

"டிக்கெட்டுக்குப் பேரைப் பிழையில்லாம எழுதணுமாம்," என்றார் மாணிக்கம். "இதைப் பாத்து எழுதிக்கங்க, அக்கா."